பட்டம் வாங்கிய பிள்ளைகளின் சேதி



பழைய மாணவர் சங்கங்கள் வெளியிடும் மலர்கள் அவ்வப்போது கைக்கு வருகின்றன. பின்பக்கங்களில் எம்மவர் செய்திகள் என்று ஒரு பகுதி இருக்கும். இன்னார் கனடாவில் கணக்காளர், இன்னார் கொழும்பில் வைத்தியர், இன்னாருக்கு இரண்டாவது குழந்தை. வாசிக்கச் சந்தோஷம்தான். ஆனால் அந்த மலர் போய்ச் சேருவது ஒன்றாகப் படித்தவர்களின் வீடுகளுக்கு மட்டும். பசறையிலோ அப்புத்தளையிலோ உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் லயத்துக்கு அது போவதில்லை. அவளுக்குத்தான் அந்தச் சேதி அதிகம் வேண்டியிருக்கிறது.

நம் தோட்டங்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது பரம்பரைச் சொத்தல்ல. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கியது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களில்தான் அரசாங்கத்தின் கைக்கு மாறத் தொடங்கின. அதுவரை பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. அப்படியிருந்தும் மலையகத்திலிருந்து படித்து மேலே வந்தவர்கள் உண்டு. பேராதனையில் பொருளியல் கற்பித்த பேராசிரியர் மு. சின்னத்தம்பியை அறிவோம். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தின் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சோ. சந்திரசேகரனை அறிவோம். பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். அவருடைய வைகறை வெளியீடாகத்தான் என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1980இல் வந்தது. படித்தவர் ஊருக்குச் செய்த காரியம் அது.

இவ்வளவு பேரைச் சொல்லி முடித்த பிறகுதான் கண்ணில் படுகிறது, எல்லோரும் ஆண்கள். பெண் பிள்ளைகள் படிக்கவில்லையா? படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய சேதி வருவதில்லை.

பதுளைப் பக்கத்துத் தங்கை ஒருவரிடம், நீங்கள் ஏன் எழுதுவதில்லை என்று கேட்டோம். “எழுத என்ன இருக்கு அக்கா? நான் வீட்டிலதானே இருக்கேன்” என்றார். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பேசப் பேசத்தான் எழுத எவ்வளவோ இருப்பது தெரிந்தது.

அவருக்கு இடம் கிடைத்தபோது, “மட்டக்களப்புக்குத் தனியா எப்படி அனுப்புறது?” என்று அப்பா மறுத்துவிட்டாராம். பாடசாலை ஆசிரியை ஒருவர் இரண்டு முறை லயத்துக்கு வந்து பேசினார். அதற்கும் அப்பா அசையவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அதே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் வந்து, விடுதி எப்படி, சாப்பாட்டுக்கு மாதம் எவ்வளவு, லீவுக்கு எப்போது வரலாம் என்று விரல் விட்டுச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்குப் போகும் வீதியில் அந்த அக்காவோடுதான் முதல் பயணம். கொழுந்து எடுத்து வைத்திருந்த காசில் அம்மா ஒரு சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தாராம்.

பட்டம் வாங்கி, நியமனத்துக்குக் காத்திருந்து, இடையில் கல்யாணமும் ஆகி, இப்போது இரண்டு பிள்ளைகள். அரச வேலை கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறார். இதைத்தான் “ஒன்றுமில்லை” என்கிறார்!

அந்த விண்ணப்பம் நிரப்புவது சின்ன வேலையா? பெறுபேறு வந்த பின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைநூலை வெளியிட்டு விண்ணப்பம் கோரும். இப்போது எல்லாம் இணையத்தில்தான். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என இடங்கள் பங்கிடப்படுகின்றன. அந்தப் பதினாறில் பதுளையும் உண்டு, மொனராகலையும் உண்டு. ஆகவே, கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து நம் பிள்ளை மனம் சோர வேண்டியதில்லை.

விருப்பப் பாடநெறிகளை எழுதும் வரிசையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மேலே எழுதியது கிடைக்காவிட்டால்தான் அடுத்ததைப் பார்ப்பார்கள். எழுதாத பாடநெறி, புள்ளி போதுமானதாக இருந்தாலும் கிடைக்காது. அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதே தெரியாத பிள்ளை அதை எப்படி எழுதுவாள்?

நமது வாசலிலேயே உதாரணம் இருக்கிறது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் பதுளையில் அமைந்தது. தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்று ஒரு பட்டப்படிப்பையே அங்கு ஆரம்பித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய வீட்டுப் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு ஏது? ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடம் வேண்டும். நம் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரம் என்றால் கலைப் பிரிவு மட்டுந்தான். போதனை மொழியும் ஆங்கிலம். சாதாரண தரம் முடிந்து பாடம் தெரியும்போதே இதைச் சொல்ல ஆள் வேண்டும். உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு சொல்லி என்ன பயன்?

ஆகவே இந்தப் பக்கத்துக்கு எழுதும் பட்டதாரிச் சகோதரிகளே, பதவியையும் ஊரையும் மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பாடசாலையில், எந்தப் பிரிவில் படித்தீர்கள்? முதல் மாதச் செலவுக்கு யார் கொடுத்தார்கள்? மகாபொல உதவி கிடைக்கும்வரை எப்படிச் சமாளித்தீர்கள்? முதல் வருடம் ஆங்கிலத்தில் திணறினீர்களா? யார் கைகொடுத்தார்கள்? பட்டமளிப்புப் படத்தில் அம்மா உடுத்தியிருக்கும் சேலை இரவல் சேலை என்றால் அதையும் எழுதுங்கள். வேலை கிடைக்கவில்லையா, பாதியில் விட்டுவிட்டீர்களா, அதுவும் வேண்டும். ஏன் விட்டீர்கள் என்று தெரிந்தால் அடுத்தவள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வாள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

வந்தாறுமூலையில் படித்த அந்தத் தங்கை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சின்னவனுக்குக் காய்ச்சல், அது விட்டதும் எழுதுகிறேன் என்றார். அடுத்த மாதம் அவருடைய கடிதம் இதே பக்கத்தில் வரும். பேராதனையில் படித்தவர்கள் அதற்கடுத்த மாதத்துக்கு இப்போதே எழுதத் தொடங்கலாம்.