பேச்சின் தாளம்

டெட் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் டிரம்பெட் வாசித்தார், கவிதை எழுதினார், ஓவியம் வரைந்தார். 1955இல் ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் மறைந்தபோது, அவர் வாழ்கிறார் என்று நியூயார்க் சுவர்களில் எழுதிவைத்தவர் இவர். அவரைப் போலவே சிங்கப்பூரில் கவிதையையும் தூரிகையையும் சேர்த்தே ஏந்தியவர் ஆர்தர் யாப் (1943–2006). முதல் தொகுப்பு 'ஒன்லி லைன்ஸ்' 1971இல் வந்தது. 1983இல் கலாசாரப் பதக்கம். ஜாஸ் அவர் துறை அல்ல. ஆனாலும் வீவக விளையாட்டுத் திடலில் இரு தாய்மார் பிள்ளைகளைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் அவருடைய கவிதையைப் படியுங்கள்: ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்கும் அந்தப் பேச்சு, இரண்டு சாக்ஸபோன்கள் மாறி மாறி வாசிப்பதுபோல ஓடும். சிங்லிஷை அதன் தாளம் கெடாமல் ஏட்டில் ஏற்றியிருக்கிறார். சிராங்கூன் சாலைக் காய்கறிக் கடைகளில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் பேச்சுக்கும் அப்படியொரு தாளம் உண்டு. நம் கவிஞர்கள் பலர் அதைக் கூச்சத்தோடு ஒதுக்கிவிட்டு மேடைத் தமிழிலேயே எழுதுவது பெருங்குறை. இதை மாற்ற, கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் கவிஞரையும் ஓவியரையும் இசைக்கலைஞரையும் ஒரே மாலையில் ஒன்றாக அமர்த்த வேண்டும். ஆர்தர் யாப்பின் அந்தத் தாய்மாரை, நம் கடைத்தெருத் தமிழில் பேசவைத்தே தொடங்கலாம்.