சீட்டுக்கு அடியில் தெர்மாகோல்

கூடலூரிலிருந்து போன். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற தம்பி. "அண்ணே, அலுமினியப் படகு ஒண்ணு வாங்கிட்டேன். பன்னிரண்டு அடி. பழசுதான். ஆர்கான் வெல்டர் வந்து நிக்கிறாரு. நடு சீட்டை அறுத்துட்டு மேடை போடலாம்னு இருக்கேன். நின்னுக்கிட்டே தூண்டில் வீசலாம். சுத்தி கோரைப்புல் தட்டி கட்டிட்டா வாத்துக்கும் தெரியாது. எப்படி ஐடியா?"

ராத்திரி முழுக்க அமெரிக்க வீடியோ பார்த்திருக்கிறார். அங்கே இது பெரிய பொழுதுபோக்கு. தட்டையான அடிப்பாகம் கொண்ட அலுமினியப் படகை வாங்கி, அறுத்து, ஒட்டி, பச்சை பெயின்ட் அடித்து, வாத்து சுடக் கிளம்பிவிடுவார்கள்.

வாத்து விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். முடியாது, தம்பி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் லைசென்ஸ் வாங்கி வேட்டையாட ஒரு சந்து இருந்தது. 1991 திருத்தத்தில் அதையும் அடைத்துவிட்டார்கள். புள்ளிமூக்கு வாத்தோ, சிறகியோ, நாமக்கோழியோ... சுட்டால் கேஸ்தான். அதோடு கம்பம் பள்ளத்தாக்கில் அறுப்பு முடிந்த வயலைச் சுற்றி வாத்து தெரிந்தால், பாதி நேரம் அது யாரோ ஒரு மேய்ச்சல்காரருடைய வாத்து. சுட்டவனை அவர் விடமாட்டார். வனத்துறைக்கு வேலையே இருக்காது!

மீன்? கண்மாயை மீன்பாசி குத்தகைக்கு எடுத்தவரிடம் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள். அது உங்கள் இருவர் சமாச்சாரம்.

எனக்குக் கோபம் வந்தது அந்த நடு சீட்டில்தான். அது உட்காருவதற்கு மட்டும் வைத்த பலகை இல்லை. படகின் இரண்டு பக்கச் சுவரையும் விரியாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். அதன் வயிற்றுக்குள் தெர்மாகோல் மாதிரி நுரைக்கட்டி அடைத்திருப்பார்கள். அலுமினியம் தண்ணீரைவிட இரண்டே முக்கால் மடங்கு கனம். படகில் தண்ணீர் நிறைந்தால் தகடு நேராக அடிக்குத்தான் போகும். முங்கிய படகையும் மேலே நிறுத்துவது அந்த நுரைக்கட்டி. கவிழ்ந்தவன் பிடித்துக்கொண்டு தொங்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே என்பதற்காக வைத்தது. அமெரிக்காவில் 1971-ல் படகுப் பாதுகாப்புச் சட்டம் போட்டு, அதன்கீழ் வந்த விதிகளில், 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். எத்தனை பேர், எத்தனை எடை என்று ஒரு தகடும் படகிலேயே இருக்க வேண்டும். வீடியோக்காரர் சீட்டை அறுப்பதைக் காட்டுகிறார். உள்ளேயிருந்து வெள்ளையாகக் கொட்டுவதை யார் கவனிக்கிறார்கள்?

மேடை அதைவிட மோசம். படகில் பாரம் கீழே இருக்கிற வரைக்கும்தான் தண்ணீர் நம் பேச்சைக் கேட்கும். தட்டைப் படகு முதலில் ஆடாமல் நம்மை ஏமாற்றும். மேடைமேல் இரண்டு பேர் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தால், ஓர் அளவுக்குமேல் எச்சரிக்கை கிடையாது. சட்டென்று புரண்டுவிடும்.

இதைச் சொல்ல நான் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கூடலூரிலிருந்து மலையேறினால் குமுளி, பக்கத்திலேயே தேக்கடி. 2009 செப்டம்பர் 30 சாயங்காலம், கேரளச் சுற்றுலாக் கழகத்தின் 'ஜலகன்யகா' அங்கேதான் கவிழ்ந்தது. 45 பேர் செத்தார்கள். தண்ணீரில் விட்டு இரண்டு மாதம்கூட ஆகாத புத்தம்புது மாடிப் படகு. கரையில் விலங்கைப் பார்க்க எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் கவிழ்ந்தது என்றார்கள். நான் கேட்கிறேன், தேக்கடியில் படகேறுகிறவன் எதற்கு ஏறுகிறான்? விலங்கைப் பார்க்கத்தானே! பார்த்தால் சாயத்தானே செய்வான்? சாய்ந்தால் கவிழ்கிற படகை விட்டுவிட்டு, சாய்ந்தவனைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்? நீதிபதி மொய்து கமிஷன் விசாரித்து, படகை வாங்கியதிலிருந்து ஓட்டியது வரை குறைகளை எடுத்துச் சொன்னது.

சொல்லி என்ன பிரயோஜனம்? 2023 மே 7, மலப்புறம் மாவட்டம் தானூர். மீன்பிடிப் படகு ஒன்றை மாற்றி, மாடி வைத்து, சுற்றுலாப் படகு ஆக்கியிருந்தார்கள். ஏற்ற வேண்டியதைவிட அதிக ஆட்கள். 22 பேர் போனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மாடி வைத்தால் டிக்கெட் கூடும் என்பது சரியான கணக்குதான். நானும் பி.காம். படித்தவன்தான். ஆனால் செலவுப் பக்கத்தில் எதை எழுத மறந்தார்கள் என்று பார்த்தீர்களா?

கேரளாவைத் திட்டி முடித்தால் நமக்கு நிம்மதி. நம் பக்கம் என்ன வாழ்கிறதாம்? நம் கண்மாய்களுக்கு விடிகாலையில் போய்ப் பாருங்கள். வலை விரிக்கிறவர் எதன்மேல் உட்கார்ந்து போகிறார்? லாரி டியூப். அல்லது உரச்சாக்கில் சுற்றிக் கட்டிய தெர்மாகோல். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோலை மிதக்கவிட்டார். காற்றடித்துக் கரைக்கு வந்துவிட்டது. தமிழ்நாடே சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அதே தெர்மாகோலை நம்பி உயிரை வைத்துத் தண்ணீரில் இறங்குகிற மனிதர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி அன்றைக்கு நம்மில் யார் பேசினோம்?

சுற்றுலாப் படகு கவிழ்ந்தால் கமிஷன் உண்டு. டியூப் கவிழ்ந்தால் பேப்பரில் நாலு வரி, 'கண்மாயில் மூழ்கி ஒருவர் பலி'. அவ்வளவுதான்.

மீன்பாசி ஏலத்தில் லட்சக்கணக்கில் வாங்குகிறார்களே, அந்த ஏல நிபந்தனையில் இன்னும் ஒரு வரி சேர்க்க என்ன கஷ்டம்? குத்தகைக்காரர் தண்ணீரில் இறக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட், நுரைக்கட்டி அடைத்த சின்னப் படகு ஒன்று, அதில் எத்தனை பேர் என்று கொட்டை எழுத்தில். 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் மோட்டார் இல்லாத படகுகளையும் கணக்கில் எடுக்க இடம் கொடுக்கிறது. சட்டம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

நீங்களும் அடுத்த லீவுக்கு ஏதாவது ஒரு ஏரியில் படகேறுவீர்கள். ஏறும்முன் 'எத்தனை பேர்' என்ற எண்ணைத் தேடுங்கள். எண்ணே இல்லையா, டிக்கெட் பணம் போனால் போகட்டும், இறங்கிவிடுங்கள். ஜாக்கெட்டைப் போட்டோ எடுப்பதற்காகக் கழற்றாதீர்கள். வீட்டில் வந்து நாலு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி வெல்டரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். "சரிண்ணே, சீட்டு அப்படியே இருக்கட்டும்" என்றார். "லைஃப் ஜாக்கெட் ரெண்டு வாங்கிரட்டுமா?"

"எத்தனை பேர் போவீங்க?"

"மூணு பேர்ண்ணே."