இயந்திரம் திட்டுவதில்லை

விளையாட்டுப் பயிற்சிக்கு இயந்திரம் தேவையா என்ற கேள்வி நம் வயதினருக்குரியது. பதின்பருவத்துப் பிள்ளைகள் அதைக் கேட்பதேயில்லை. கிரிக்கெட் பயிற்சிக்கூடத்தில் பந்துவீச்சு இயந்திரம் இருந்தால், மட்டையை எடுத்துக்கொண்டு நேரே அதன் முன் போய் நிற்கிறார்கள்.

இதைக் கருவி மோகம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. ஒரே பந்தை ஐம்பது முறை தவறவிட்டாலும் இயந்திரம் முகம் சுளிப்பதில்லை. அப்பாவிடம் போய்ச் சொல்வதில்லை. ‘உன் அண்ணன் இந்த வயதில்...’ என்று ஆரம்பிப்பதுமில்லை. பிறர் பார்க்காமல் தவறு செய்ய ஓர் இடம், பதினான்கு வயதில் சிறிய தேவையன்று. டான் பிராட்மனும் பௌரல் ஊரில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, அது திரும்பி வருகையில் ஒற்றை ஸ்டம்பால் அடித்துத்தான் தனியே பழகினார். (செங்கல் சுவர் ஒருமுறை அனுப்பியதுபோல் மறுமுறை அனுப்பாது என்பது வேறு விஷயம்.) பெண் பிள்ளைக்குப் பந்து வீச ஆளே வராத ஊர்களில் இயந்திரத்துக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

நம் மனத்தாங்கல் வேறு. சுழலும் சக்கரங்களுக்கிடையிலிருந்து பாயும் பந்துக்குத் தோள் இல்லை, மணிக்கட்டு இல்லை. மணிக்கு 140 கி.மீ. வேகப்பந்து மட்டையாளரை அடைய அரை விநாடிகூட ஆகாது. ஆகவே வீசுபவரின் உடலைப் படித்தே அவர் நகரத் தொடங்குகிறார். இயந்திரத்தையும் மனிதரையும் எதிர்கொள்கையில் இளம் மட்டையாளர்களின் அசைவுகள் காலத்தால் வேறுபடுவதை ராஸ் பிண்டர், இயன் ரென்ஷா, கீத் டேவிட்ஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. திரையில் வீச்சாளரின் உருவத்தை ஓடவிட்டு, துளை வழியே பந்தை அனுப்பும் இயந்திரங்களும் வந்துள்ளன. இந்தக் குறையைத் தொழில்நுட்பம் ஒருநாள் தீர்த்துவிடக்கூடும்.

தீர்க்க முடியாதது ஒன்றுண்டு. அந்த இயந்திரம் நிற்கும் இடத்தில் முன்பு இன்னொரு பையன் நின்றிருந்தான். லெக் ஸ்பின் என்பது அடிவாங்கி அடிவாங்கியே கைவருவது. நண்பன் தூக்கி அடித்த பந்தைப் பொறுக்கிவந்து மறுபடி வீசியவனுக்கு இன்று வலையில் வேலையில்லை. மட்டை பிடிப்பவனின் விருப்பத்தை மட்டும் கேட்டு இதை முடிவு செய்வது நியாயமாகப் படவில்லை.

அரை மணி நேரம் இயந்திரம் ஓடட்டும். பிறகு அதை மூடிவைத்துவிட்டு அந்தப் பையனைக் கூப்பிடுங்கள். ஆறு பந்தில் இரண்டை அகலமாகப் போடுவான், ஒன்று தலைக்குமேல் போகும். பயிற்சியாளர் அதுவரை இயந்திரத்தைப் போலவே வாயைத் திறக்காமல் நின்றால் போதும்.