ஓரி விழாவில் பிள்ளைகள் நாடகம் எப்போது?

ஒரே ராத்திரி! பொழுது விடிவதற்குள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை முழுசாக எழுதி முடித்தார் சங்கரதாஸ் சுவாமிகள். யாருக்காக? டி.கே.சண்முகம் என்ற சின்னப் பையனுக்காக! 1918-ல் சுவாமிகளின் பால சபையில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறுதான். பொடியன்தானே என்று துண்டு வேஷம் கொடுக்கவில்லை. நாடகத்தையே தாங்க வேண்டிய அபிமன்யு வேஷம்!

அதற்காக பாய்ஸ் கம்பெனி சொர்க்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தகப்பனை இழந்த எம்.ஜி.ஆர். படிப்பை விட்டு அங்கே போனது வயிற்றுப்பாட்டுக்கு. ஏழு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிய சிவாஜிக்கு முதல் வேஷம் சீதை. பெற்ற தாயின் முகம் பார்க்க அந்தப் பையனுக்கு வருஷக்கணக்கு ஆச்சு!

இன்றைக்கு அந்தக் கொடுமை வேண்டாம். பள்ளிக்கூடம் போய்க்கொண்டே நடிக்கலாம். மேடைதான் வேண்டும். கொல்லிமலையில் அது இருக்கிறது!

70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் செம்மேட்டில் குதிரைமேல் வல்வில் ஓரி சிலை. ஆடி மாதம் அவன் பேரில் அரசு விழா. கூத்தர்களுக்கு வாரிக் கொடுத்தவன் அவன் என்று புறநானூறு சொல்கிறது. அப்படிப்பட்டவன் விழாவில் மலைப் பிள்ளைகளை ஐந்து நிமிஷ சினிமா ஆட்டத்தோடு இறக்கிவிட்டால் போதுமா?

ஓரி கதையையே முழு நாடகமாகப் போடட்டும். ஓரி வேஷம் ஒரு மலைப் பையனுக்கு. காரியோடு மோதி ஓரி விழுகிற கட்டம் ஒன்று போதும், கூட்டமே அழுதுவிடும்! சொல்லிக் கொடுக்க நல்ல வாத்தியார் ஒருத்தரைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.