புகைபோக்கியை இடிக்குமுன்

உறையூரின் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் குடும்பத்தார் பலர் முதலில் கைவைப்பது அடுக்களையில்தான். விறகடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. சுவரினின்று துருத்தி நிற்கும் புகைபோக்கியோ அலமாரிக்கும் மேடைக்கும் இடையூறாகத் தோன்றுகிறது. இடித்துவிடலாம் என்பார் கொத்தனார். சற்றுப் பொறுங்கள் என்போம் நாம்.

சூடான காற்று மேலெழும் இயல்பை அறிந்தே முன்னோர் அதனை அமைத்தனர். தாளிக்கும் நெடியும் எண்ணெய்ப் புகையும் இன்றும் அவ்வழியே வெளியேறும். உள்ளே படிந்த கரியைச் சுரண்டி நீக்குங்கள். மழைநீர் இறங்காவண்ணம், பக்கங்களில் திறப்பு விட்டு, உச்சியில் மூடியிடுங்கள். துருத்தலின் இருபுறமும் உள்ள குழிவில் அலமாரி அமைத்தால் இடமும் வீணாகாது.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழாது, தரையில் தேங்கும். அதற்குப் புகைபோக்கி உதவாது. ஆகவே வெளிச்சுவரில், தரையை ஒட்டி, கம்பிவலையிட்ட துவாரம் ஒன்றும் இன்றியமையாதது. வாயு நெடி வீசினால் மின்விசை எதனையும் தொடாமல், சிலிண்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்னும் தொலைபேசி எண்ணுக்கு அறிவியுங்கள்.

கொத்தனாரிடம் அளவு சொல்லுமுன், அடுக்களையில் நாள்தோறும் நிற்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். புகை எங்கே தேங்குகிறதென்பதை அவரே அறிவார்.