தாழ்ந்த கார், உயர்ந்த பிடிமானமா?

2001இல் வந்த ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ் மாதிரிப் பழைய வேகக் காரைத் தாழ்த்தி, கெட்டி ஸ்பிரிங் மாட்டினால் சாலையை இறுகப் பிடிக்கும், தினசரி ஓட்டவும் அதுவே பாதுகாப்பு என்கிறார்கள்.

1. செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயின் சீரான பந்தயத் தடத்தில் சரி. திருப்பூரில் தோண்டி ஒட்டுப்போட்ட தாரில் டயர் துள்ளும். அந்தரத்தில் நிற்கும் டயர் எதைப் பிடிக்கும்?

2. தாழ்த்தினால் சஸ்பென்ஷன் அசையும் இடம் குறையும். பனியன் கம்பெனி வாசல் வேகத்தடையிலேயே பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பில் போய் இடிக்கும். இன்னொன்று: மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷனில் ரோல் சென்டர் (வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம்), வண்டியின் எடைமையத்தைவிட அதிகமாக இறங்கிவிடும். வளைவில் சாய்க்கும் விசை கூடும். கெட்டி ஸ்பிரிங் அதை மறைக்கிறது, அவ்வளவுதான்.

3. இருபது வருஷ ரப்பர் புஷ் வெடித்துக் கிடக்க, புது ஸ்பிரிங் என்ன கிழிக்கும்? முதலில் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், நல்ல ஷாக் அப்சார்பர், பிறகு அலைன்மென்ட். மிச்சக் காசுக்கு டயர் வாங்குங்கள்.