துணியில் எழுதிய வரலாறு

மதுரைத் தமுக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகத்திற்குச் செல்வோர், அண்ணல் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதி தோய்ந்த ஆடையின் முன்பு பேச்சற்று நிற்பர். ஏடுகள் உரைக்காத சிலவற்றைத் துணி உரைத்துவிடுகிறது. பழங்கொடிகளும் அத்தகையவையே.

அமெரிக்காவில் பழைய தேசியக் கொடிகளைத் தேடிச் சேர்ப்போர் பலர் உண்டு. அவர்கள் முதலில் நோக்குவது கொடியிலுள்ள விண்மீன்களைத்தான். 1777 ஜூன் 14இல் அந்நாட்டுப் பேரவை, கொடியில் 13 பட்டைகளும் 13 விண்மீன்களும் இருத்தல் வேண்டும் எனத் தீர்மானித்தது. அவற்றை அடுக்கும் முறையைக் கூறவில்லை. எனவே தைத்தவர் மனம்போல் அவை வரிசையாகவும் வட்டமாகவும் அமைந்தன. பின்னர்ச் சிறு விண்மீன்கள் கூடி ஒரு பெரிய விண்மீனாய்த் தோன்றும் கொடிகளும் எழுந்தன. மாநிலங்கள் சேரச் சேர விண்மீன்களும் பெருகின. 1912இல்தான் அன்றைய 48 விண்மீன்களுக்கும் இடம் வரையறுக்கப்பட்டது. இன்றைய 50 விண்மீன் கொடி 1960இல் வந்தது. ஆகவே 1912க்கு முற்பட்ட விந்தையான அடுக்குகளுக்கு மதிப்பு மிகுதி. ஆயினும் எண்ணிக்கையை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். 1876இல் நூற்றாண்டு விழாவுக்காகவும் 13 விண்மீன் கொடிகள் செய்யப்பட்டன. துணி, சாயம், தையல் ஆகியவற்றையும் ஆராய்ந்தே வயதைக் கணிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் விண்மீன் கொடி ஒன்று பறந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்? 1917இல் அன்னி பெசன்ட், திலகர் ஆகியோரின் தன்னாட்சி இயக்கம் உயர்த்திய கொடி அது. ஐந்து சிவப்புப் பட்டைகள், நான்கு பச்சைப் பட்டைகள். அவற்றின்மீது சப்தரிஷி மண்டலம்போல் ஏழு விண்மீன்கள். ஒரு மூலையில் ஆங்கிலேயர் கொடி. மற்றொரு மூலையில் பிறையும் விண்மீனும். கோவை மாஜிஸ்திரேட் ஒருவர் அதற்குத் தடை விதித்தார்.

1947 ஆகஸ்ட் 15 அதிகாலை 5.05 மணிக்குச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுக்கொடி, அக்கோட்டை அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது. 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உடைய அது, 2013இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அன்று நாடெங்கும் ஏறிய கொடிகள் எத்தனை! இன்று எஞ்சியவை மிகச் சில. சிதைந்த கொடியைத் தனிமையில், கண்ணியத்துடன், முழுமையாக அழித்துவிட வேண்டும் என்பது நமது கொடி விதி. அன்றாடம் ஏற்றும் கொடிக்கு அது முறையே. ஆனால் விடுதலைக் காலத்துக் கொடி வெறும் பழந்துணியன்று, வரலாற்றுச் சான்று.

மதுரையிலும், மேலூர், திருமங்கலம் வட்டாரத்துச் சிற்றூர்களிலும் பழைய மரப்பெட்டிகளின் அடியில் அத்தகைய கொடி கிடக்கக்கூடும். கண்டெடுத்தால் துவைக்காதீர்கள்; சாயம் ஓடும், இழை அறும். வெயிலில் உலர்த்தாதீர்கள். இறுக மடித்தால் மடிப்பிலேயே கிழியும். தூய வெள்ளைப் பருத்தித் துணியுடன் சேர்த்துத் தளர்வாகச் சுருட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். விண்மீன்களைக் கொண்டு வயதை ஊகிக்கலாம். ஏற்றியவர் பெயரை ஊகிக்க இயலாது. ஆகவே யாருடையது, எந்த ஊரில், எந்த ஆண்டு ஏற்றியது என்று அத்தாவிடமும் நன்னியிடமும் இன்றே கேட்டு எழுதி, கொடியுடன் வையுங்கள். பேண இயலாதோர் அருங்காட்சியகத்தாரை நாடலாம்.

முன்னோர் நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதம் அது. அதனைக் கரையானுக்கு இரையாக்கலாமா?